ஒளி புகாத முட்டை

ஈமு முட்டையின் அழகை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றிய வெற்று ஓடு ஒன்று கையில் வேண்டும். ஊதுவதற்காகத் துளைத்த ஓட்டைதான் பார்க்க வேண்டிய இடம். என் மேசையில் இருப்பது கோயம்புத்தூர்ப் பக்கம் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தது. அடியில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குள் மூன்று நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. மேலே கறுப்பு என்றே சொல்லத் தோன்றும் கரும்பச்சை. அதன்கீழே மயில்கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. உட்பக்கம் சுத்தமான வெள்ளை.

வெளிப்புறத்தைத் தடவினால் கோழிமுட்டையின் வழவழப்பு இல்லை. முற்றிய ஆனைக்கொய்யாத் தோலைத் தடவுவதுபோல் இருக்கும். அந்தக் கரும்பச்சை ஒரே பூச்சாகப் படிந்த நிறமில்லை. நுண்ணிய மணிகளாகப் புடைத்து நிற்கிறது. மணிகளுக்கு இடையே கீழ்ப்படையின் வெளிர்பச்சை தலைகாட்டுகிறது. ஓர் அடி தள்ளிப் பிடித்தால் ஒற்றை நிறம். பூதக்கண்ணாடியை வைத்தால் இரண்டு நிறங்களின் பின்னல். மணிகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே நெருக்கமாகவும் இல்லை. சில இடங்களில் சேர்ந்து சிறு திட்டாகின்றன, சில இடங்களில் விலகி நிற்கின்றன. இரண்டு முட்டைகளை அருகருகே வைத்தால் இந்த நெருக்கமும் விலகலும் ஒன்றுக்கொன்று வேறுபடுவது தெரியும். நாள்பட முட்டை வைத்துப் பழகியவர்கள் எண் எழுதாமலே எது எதென்று சொல்லிவிடுவார்களாம். நம்பக் கஷ்டமாக இல்லை.

இந்தப் பச்சைக்குக் காரணம் பிலிவெர்டின் என்ற நிறமி. நம் உடம்பின் பித்தத்திலும் இருப்பது அதுதான். அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சை கட்டுகிறதே, அதற்கும் அதுவே காரணம். இட்ட புதிதில் முட்டை நீலம் கலந்த பச்சையாக இருந்து, அடையில் கிடக்கக் கிடக்கக் கறுக்கிறது. வெயிலில் அநாதையாகக் கிடந்தால் நிறம் வெளுத்து வெள்ளையாகிவிடும். அவுஸ்திரேலியாவில் இந்த ஓட்டைச் செதுக்கும் கலை ஒன்று இருக்கிறது. மேல்படையைச் சுரண்டினால் நீலப்பச்சை, இன்னும் சுரண்டினால் வெளிறிய பச்சை, அடியில் வெள்ளை. சாயமே தொடாமல், ஆழத்தை மட்டும் மாற்றி, நாலைந்து நிறச்சாயலில் பறவையும் மரமும் மனித முகமும் வரைகிறார்கள். அங்குள்ள ஆதிக்குடிகள் அதில் தேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு வெள்ளி வேலைக்காரர்கள் ஈமு முட்டைக்கு வெள்ளித் தண்டு வைத்துக் கிண்ணங்களும் அலங்காரப் பொருட்களும் செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஓட்டின் அழகைச் சொல்ல மட்டும் நான் உட்காரவில்லை. இதே ஓடு, குஞ்சு பொரிக்க வைக்கிறவருடைய கண்ணை மூடிவிடுகிறது. அங்கிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் பிரியம் தொடங்குகிறது.

கிழக்கிலங்கையில் எங்கள் சவளக்கடைப் பக்கத்தில் கோழி அடைவைக்காத வீடு குறைவு. சாளம்பைக்கேணியிலும் கொளனிகளிலும் வளவுக்கு வளவு நாட்டுக்கோழி மேயும். அடைக்கோழி ஒன்று கொக்கரிப்பை விட்டுவிட்டு, உடம்பைப் பொம்மென்று ஊதிக்கொண்டு, கிட்டப் போனால் உறுமத் தொடங்கினால், மூத்தம்மா பழைய பெட்டியில் மணலும் வைக்கலும் போடுவா. முட்டைகளை ஒற்றைப்படையில் எண்ணி, பிஸ்மி சொல்லி, ஒவ்வொன்றாக வைப்பா. இடிக்கு முட்டை கூழாகாமல் இருக்க ஓர் இரும்பாணியும் வைக்கலுக்குள் போகும். ஏழெட்டு நாள் கழித்து, கோழி இரைதேட இறங்கிய நேரம் பார்த்து, காலை வெயிலுக்கு எதிரே முட்டையைப் பிடித்துக் கைவிரல்களால் குழல்போட்டுப் பார்ப்பா. கரு ஏறிய முட்டைக்குள் சிவந்த நரம்புகள் கிளைவிட்டிருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி ஆடும். ஏறாதது தெளிவாக, மஞ்சளாக ஒளிவிடும். நானும் பார்க்க வேண்டுமென்று முட்டையை வாங்கினால், "உருட்டாத மகன், உள்ளுக்கு உசிர் இரிக்கி" என்பா.

இன்றைக்கு ரெஜிபோம் பெட்டிக்குள் பல்பும் சின்ன விசிறியும் பூட்டிக் கோழிமுட்டை பொரிக்கிற இளைஞர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். வெயிலுக்குப் பதில் டோர்ச் லைட் வந்திருக்கிறது. பார்க்கிற முறை அதேதான். கோழிமுட்டை பொரிப்பது முழுக்கக் கண்ணின் வேலை. ஏழாம் நாள் நரம்பு தெரியும், பதினான்காம் நாள் பாதி இருட்டு, பதினெட்டாம் நாள் மேலேயுள்ள காற்றறை தவிர எல்லாம் இருட்டு, இருபத்தோராம் நாள் குஞ்சு.

அப்படிப் பழகிய கை முதன்முதலாக ஈமு முட்டையை எடுத்து டோர்ச் மேல் வைத்தால் ஒன்றுமே தெரியாது. கரு ஏறியதா, ஏறவில்லையா, ஏறிச் செத்ததா, எதற்கும் பதில் இல்லை. அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கும் கமெரா இருந்தால் உள்ளே நிழல் தெரியும். ஓட்டின் மேலிருந்தே இதயத்துடிப்பைப் பிடிக்கிற கருவிகளும் வந்திருக்கின்றன. இரண்டும் பெரிய பண்ணைகளின் சாமான். கையில் அவை இல்லாதவர் ஐம்பது நாளுக்கு மேல் ஓர் இருட்டோடு வாழ வேண்டும். அந்த இருட்டுத்தான் ஒருவருடைய கையையும் காதையும் கூராக்குகிறது. இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனதில் இருந்து பிறந்தது என்பது என் எண்ணம்.

முதலில் கைக்கு வேலை. கைக்குத் துணை தராசு.

ஈமு முட்டை 475 கிராமில் இருந்து 650 கிராம் வரை நிறை இருக்கும். ஒரு முட்டை 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கோழிமுட்டைக்குச் சமம். அடையில் இருக்கும் காலம் முழுவதும் அது மெல்ல மெல்ல இலேசாகிக்கொண்டு போகும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியே மூச்சுக்காற்று உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது. பொரிக்கிற நேரத்தில் முட்டை தன் தொடக்க நிறையில் ஏறக்குறைய 15 வீதத்தை இழந்திருந்தால் நல்லது. 600 கிராமுக்கு 90 கிராம். ஐம்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 2 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் பாதிகூட இல்லை. அவ்வளவு நீர் நாள்தோறும் அந்தக் கரும்பச்சைச் சுவரைக் கடந்து போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

முட்டை இழந்த நீரின் இடத்தைக் காற்று பிடிக்கிறது. மொட்டை முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெருக்கிறது. குஞ்சு தன் வாழ்க்கையின் முதல் மூச்சை எடுக்கப் போவது அந்த அறையில் இருந்துதான். நீர் குறைவாக வெளியேறினால் அறை சிறுத்து, குஞ்சு ஊதி, திரும்ப இடமில்லாமல் உள்ளேயே மூச்சுத் திணறும். கூடுதலாக வெளியேறினால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முட்டை பொரிக்கிறவர் கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, கொப்பியில் எழுதுகிறார். திகதிக்கு எதிரே நிறை, நிறைக்கு எதிரே குறைவு. அந்தக் கொப்பியை வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு முட்டையின் கதை ஓடும். உயிரில்லாத முட்டையும் நீரை இழக்கத்தான் செய்யும். ஆகவே தராசு உயிர் இருக்கிறதா என்று சொல்லாது. உயிர் இருந்தால் அதற்கு இடம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அந்த அளவோடு அதை நம்ப வேண்டும்.

இங்கேதான் நம்முடைய கரைக்கு ஒரு சிக்கல் வருகிறது. என்னை மிகவும் ஈர்த்த இடமும் இதுதான்.

கோழிமுட்டைக்கு மெசினுக்குள் 50 வீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். அதனால்தான் பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறோம். ஈமு முட்டைக்கு 30 முதல் 40 வீதம் போதும். அவுஸ்திரேலியாவின் உலர்ந்த உள்நாட்டுக் காற்றுக்குப் பிறந்த தடித்த ஓடு அது. சுற்றுமுற்றும் உலர்ந்திருந்தால்தான் அந்தத் தடிப்பைத் தாண்டி நீர் வெளியே வரும். இப்போது நம்முடைய மாரிக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி, நாலாபுறமும் தண்ணீர் கட்டிய வயல். அந்தக் காற்றை அப்படியே எடுத்து 36.5 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி தண்ணீர் சேர்க்காமலே, உள்ளே ஈரப்பதம் ஏறக்குறைய பாதி, அதாவது 50 வீதத்துக்குக் கிட்ட நிற்கும். கோழிக்கு அது வரம். ஈமுவுக்கு அது மூழ்கடிக்கிற ஈரம்.

காலமும் எதிராகத்தான் அமைகிறது. பகல் குறுகத் தொடங்கும்போது முட்டையிடுகிற பறவை ஈமு. அவுஸ்திரேலியாவில் ஏப்ரில், மே தொடங்கி அங்குள்ள குளிர்காலத்தில் இடும். நம்முடைய அரைக்கோளத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் கணக்கு திரும்பிவிடுகிறது. இந்தியப் பண்ணைகளில் ஒக்டோபர் தொடங்கி பெப்ரவரி வரை இட்டது. அதிலும் அந்திப் பொழுதில், ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில்தான் பெரும்பாலும் இடும் என்று அங்குள்ள கால்நடைக் கையேடுகள் சொல்கின்றன. மஃரிபுக்கு முன்னும் பின்னுமான நேரம். ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, கல்முனைக்கும் நமக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோகிற மாதங்கள் அவை. முட்டை காய வேண்டிய காலமும் ஊர் ஊறுகிற காலமும் ஒன்றாகி நிற்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. மெசினை ஏசி போட்ட அறைக்குள் வைத்தால், ஏசி காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடும். 24 பாகையில் 60 வீத ஈரம் உள்ள அறைக்காற்று மெசினுக்குள் போய் 36.5 பாகைக்கு ஏறும்போது 30 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடுகிறது. ஈமு கேட்கிற இடம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, காற்றை உலர்த்துவதற்குச் செலவழிப்பது! கோழி பொரித்துப் பழகியவர் கையால் அந்தக் கிண்ணத்தை வெளியே எடுப்பது சுலபமில்லை. ஒரு பறவையை அடைவைப்பதென்றால் அது பிறந்த நாட்டின் காற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைவைக்க வேண்டும்.

சூட்டிலும் ஒரு நுணுக்கம். கோழிமுட்டைக்கு 37.5 பாகையை ஒட்டி வைப்போம். ஈமுவுக்கு 36 முதல் 36.5. வித்தியாசம் ஒரு பாகைதான். ஆனால் பெரிய முட்டைக்குள் ஏறிய சூடு இலேசில் இறங்காது. முக்கால்வாசிக் காலம் கடந்த கரு தானே சூட்டை உண்டாக்கவும் தொடங்கிவிடுகிறது. அப்போது முட்டையின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும். முதல் வாரங்களில் பல்புக்கு ஓயாமல் வேலை. கடைசி வாரங்களில் அது எரிவதைவிட அணைந்திருக்கிற நேரம் கூடும். விடியற்காலையில் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பல்பு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எரிகிறது என்று கவனித்தாலே உள்ளே எத்தனை உயிர்கள் எரிந்துகொண்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம். முட்டை வாங்குகிறது, பிறகு கொடுக்கிறது.

பறவையே அடைகாக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் யார் பார்ப்பது? ஆண் பார்க்கிறது. பெட்டை முட்டையிட்டதோடு சரி. சில வேளை வேறு ஆணைத் தேடியும் போய்விடும். ஆண் ஈமு புல்லும் பட்டையும் இலையும் சேர்த்த படுக்கையில் உட்கார்ந்தால் எட்டுக் கிழமை, ஏறக்குறைய 56 நாள். அந்தக் காலம் முழுவதும் அது அநேகமாகத் தின்பதுமில்லை, குடிப்பதுமில்லை. சேமித்த கொழுப்பில் உயிர் வாழ்ந்து, உடல் நிறையில் மூன்றில் ஒன்றுவரை இழக்கிறது. நாளுக்குப் பத்து முறை அளவில் எழுந்து முட்டைகளைப் புரட்டிவிட்டுத் திரும்பவும் உட்காரும். முட்டை தன் நிறையில் ஒரு பங்கை இழந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், மேலே உட்கார்ந்திருக்கிறதும் தன் நிறையை இழந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டு இழப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

தகப்பன் அடைகாப்பது நமக்கும் புதிதில்லை. தாமரையும் அல்லியும் மூடிய நம் குளங்களில் நீளவால் இலைக்கோழி இருக்கிறது. இலைமேல் நடக்க நீண்ட விரல்கள், பிடரியில் பொன்மஞ்சள். அதன் பெட்டை வெண்கல நிறத்தில் நாலு முட்டையை மிதக்கும் கூட்டில் இட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போகும். அடைகாத்து, குஞ்சை இலைக்கு இலை நடத்திக்கொண்டு போவதெல்லாம் ஆண்தான். நீர் ஏறினால் முட்டையைச் சிறகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கி வேறு இடத்துக்கு நகர்த்தும். ஆளுயரப் பறவைக்கும் தாமரையிலை தாங்குகிற பறவைக்கும் இந்தக் குணம் ஒன்றாக வாய்த்திருக்கிறது.

மெசினில் வைத்தால் அந்தப் பத்து முறையை நாம் செய்ய வேண்டும். புரட்டாமல் விட்டால் கருவின் சவ்வு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்கருவும் குஞ்சுக்கு முழுதாகப் போய்ச் சேராது. பெரிய பொரிப்பகங்களில் மணிக்கொருமுறை தட்டு தானாகச் சாயும். சின்னப் பெட்டியில் கைதான். கோழிமுட்டையில் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டுப் புரட்டுவது வழக்கம். ஈமு ஓட்டில் பென்சில் கோடு தெரியவே தெரியாது. வெள்ளைக் கிரேயோனால் எழுத வேண்டும். கரும்பச்சைமேல் வெள்ளை வட்டம். புரட்டினால் வெள்ளைப் பெருக்கல். 48 நாளுக்குப் பிறகு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். உள்ளே இருப்பது தன் தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டுமென்று தீர்மானிக்கிற நேரம் அது. அடைக்காலத்துக்கு இந்தியப் பொரிப்பகங்கள் 52ஆம் நாளை எல்லையாக வைத்திருந்தன.

அந்தப் பொரிப்பகங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. ஈமு என்றதும் தமிழ் வாசகருக்கு ஞாபகம் வருவது ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையும் 2012ஆம் ஆண்டும்தான். அங்கே ஈமு வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். கவனிப்பாரற்று நின்ற பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது. பத்திரிகைகள் எழுதியது அந்தப் பணத்தைப் பற்றி. எழுத வேண்டியதும்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் கொங்குநாட்டில் எத்தனையோ பேர் கரும்பச்சை முட்டையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று சொல்லப் பழகியிருப்பார்கள். கணக்குப் புத்தகங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. அந்தக் கைகளின் அறிவை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

கைக்கு அடுத்தது காது. இந்தப் பகுதியை நான் எத்தனை தரம் யோசித்தாலும் அலுப்பதில்லை.

ஐம்பதாம் நாளை நெருங்கும்போது முட்டையைச் சமமான மேசைமேல் வைத்து, விரல் நுனியால் மெல்லத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு பொறுத்துப் பார்க்க வேண்டும். செத்த முட்டை அப்படியே கிடக்கும். உயிருள்ள முட்டை, கொஞ்சம் தாமதித்து, தானாக அசையும். முதலில் அசைந்ததா, கண்தான் ஏமாற்றியதா என்று சந்தேகம் வரும். ஓட்டில் போட்ட வெள்ளைக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகம் தீரும். குறி ஒரு நூலளவு சரிந்து, நின்று, திரும்பி வரும். சீழ்க்கையடித்தாலும் அசையும். ஈமுக் குஞ்சின் குரல் ஒரு மெல்லிய சீழ்க்கை. வெளியே ஒரு சீழ்க்கை கேட்டால் உள்ளே இருப்பது அதைத் தன் இனத்தின் குரலென்று எடுத்துக்கொள்கிறது. ஐம்பது நாள் இருட்டாகவே இருந்த ஒரு பொருள், ஒருவர் உதட்டைக் குவித்து ஊதியதற்கு அசைந்து பதில் சொல்கிறது. முதன்முறை பார்க்கிறவர் திரும்பத் திரும்ப ஊதாமல் இருக்கமாட்டார்.

பொரிக்கும் நாள் நெருங்கிய இதே கட்டத்தில் நம் வீடுகளில் கோழிமுட்டையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஆடுவது உயிர், ஆடாதது கூழ். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத கட்டத்தில் அசைவைக் கேட்கிற யுக்தி அங்கேயும் இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு சவ்வு உடைகிறது. குஞ்சு அலகால் உட்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. வெளியே ஓட்டில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் முட்டையைக் காதோடு வைத்தால் மாற்றம் தெரியும். முன்னர் ஓட்டின்மேல் விரல் தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. இப்போது உள்ளேயிருந்து ஒரு சீழ்க்கை, ஓர் உரசல், இடையிடையே மூச்சு இழுக்கிற சின்னச் சத்தம். நுரையீரல் முதல்முறையாகக் காற்றைத் தொடுகிறது. இதுவரை ஓட்டை ஒட்டிப் படர்ந்த இரத்தநாளங்கள் செய்த சுவாச வேலை கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்கு மாறுகிறது. காற்றறையில் இருக்கிற காற்று சொற்பம். அது கெடக் கெட, வெளியே வரவேண்டும் என்ற உந்துதல் ஏறும்.

ஒரு முட்டை சீழ்க்கையடித்தால் பக்கத்து முட்டையும் அடிக்கும். 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் முட்டைகள் உள்ளிருந்தே ஒலி பரிமாறி, பிந்தியதைத் துரிதப்படுத்தி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. பொரித்த சில நாளிலேயே தகப்பனின் பின்னால் நடக்க வேண்டிய பறவைகளுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு அவசியம்! பிந்திப் பொரித்த ஒன்றுக்காக எல்லாரும் காத்திருக்க முடியாது. ஆகவே பொரிக்கும் தட்டில் முட்டைகளை ஒன்றோடொன்று தொடும்படி வைப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஓடு உடைகிற விதத்திலும் பறவையின் சுபாவம் தெரிகிறது. கோழிக்குஞ்சு அலகு நுனியில் உள்ள சிறு கூரால் ஒரு துளை போட்டு, உள்ளேயே சுழன்று, மொட்டை முனையை வட்டமாக அறுத்து, மூடியைத் தள்ளுகிறது. அளவெடுத்து வெட்டுகிற கவனம் அதில் இருக்கிறது. ஈமுவின் பலம் காலில். மடித்து நெஞ்சோடு ஒட்டியிருந்த தடித்த கால்களை உதைத்து நிமிர்த்துகிறது. முதுகு ஓட்டை நெம்புகிறது. கீறல் ஒழுங்கில்லாமல் ஓடி, கரும்பச்சைச் சில்லுகள் தெறிக்கின்றன. சில்லின் மறுபக்கம் வெள்ளை. ஈரக்குஞ்சைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக அவை சிதறிக் கிடக்கும்.

வெளிக்கீறல் விழுந்த பிறகு ஒரு நாள்வரைகூட எடுக்கலாம். அந்த நேரத்தில் உதவிக்குப் போவதுதான் முதன்முதலாகப் பொரிப்பவர்களை இழுக்கிற ஆசை. போகக்கூடாது என்பது என் கட்சி. சவ்வில் ஓடும் இரத்தம் இன்னும் குஞ்சுக்குள் திரும்பியிருக்காது. தொப்புள் வழியே மஞ்சள்கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஓட்டை உரித்தால் இரத்தம் கசியும். சீழ்க்கை கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். சத்தம் தளர்ந்து நெடுநேரம் ஒன்றும் நடக்காமல் போனால் மட்டும், காற்றறைக்கு மேலே ஒரு சிறு சில்லை நீக்கி மூச்சுக்கு வழிவிடலாம். அதற்கும் காதுதான் அனுமதி தர வேண்டும்.

வெளியே வந்தது நனைந்து, கழுத்தை நிமிர்த்த முடியாமல் தவிக்கும். மெசினுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பார்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு அதுவரைக்கும் உணவு. தீனும் தண்ணீரும் அவசரமில்லை. உலர உலரக் கோலம் தெரியும். வெண்மஞ்சள் உடம்பின்மேல் கழுத்தடியிலிருந்து வால்வரை நீளமாகக் கரும்பழுப்புக் கோடுகள். தலையில் மட்டும் கோடுகள் உடைந்து புள்ளிகளாகிவிடும். உயர்ந்த புல்லுக்குள் அசையாமல் உட்கார்ந்தால் எங்கே புல் முடிகிறது, எங்கே குஞ்சு தொடங்குகிறதென்று பருந்துக்குத் தெரியாது. மூன்று மாதமளவில் கோடுகள் மங்கி, பெரிய பறவையின் ஒரே பழுப்பு வந்துவிடும். பெரிய ஈமுவின் இறகு ஒன்று கிடைத்தால் அதையும் பார்க்க வேண்டும்: ஒரு காம்பிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு இறகுகள் பிரிந்து தொங்கும். வேறு பறவைகளில் இரண்டாவது இறகு பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும்.

தராசை ஒருமுறை கடைசியாக எடுக்கலாம். குஞ்சின் நிறை முட்டையின் தொடக்க நிறையில் மூன்றில் இரண்டு. 600 கிராம் முட்டைக்கு 400 கிராம் குஞ்சு. 90 கிராம் காற்றோடு போயிற்று. மிச்சம் ஓடும் சவ்வும் மெசின் தட்டில் காய்ந்த ஈரமும். கொப்பியில் அந்த முட்டைக்கான வரி அங்கே முடிகிறது.

குஞ்சுக்குப் போடுகிற தரை முக்கியம். வழுக்குகிற தரையில் விட்டால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, பிறகு நேராகாமலே போய்விடும். சாக்கு விரித்தால் மூன்று விரலும் நெய்தலைப் பற்றிக்கொள்ளும். முதல் நாளின் அடி எப்படி விழுகிறதோ, ஆளுயரப் பறவையின் நடை அதைப் பொறுத்தது. சாக்கு மட்டும் போதாது, ஓட வேண்டும். இயற்கையில் அதைத் தகப்பன் பார்த்துக்கொள்ளும். ஆறேழு மாதத்துக்கு மேலாகக் குஞ்சுகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு நடக்கும். வழிதவறிச் சேர்ந்த வேறு குஞ்சையும் பெரும்பாலும் விரட்டாது. மெசினில் பொரித்தவற்றுக்கு அந்தத் தகப்பன் இல்லை. கண்ணில் முதலில் பட்டு அசைகிற காலைத்தான் அவை பின்தொடரும். எனவே யாராவது சவளக்கடையில் முதன்முதலாக ஈமு முட்டை பொரித்தால், தராசையும் கொப்பியையும் எடுத்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். மழைவிட்ட நாட்களில், சுபஹு தொழுதுவிட்டு வெயில் ஏறுமுன் வளவைச் சுற்றி ஒரு நடை. அசருக்குப் பிறகு வயல்வரம்பு வரைக்கும் இன்னொரு நடை. கோடு போட்ட குஞ்சுகள் பின்னால் ஓடிவரும். ஒன்று பின்தங்கிச் சீழ்க்கையடித்தால் நின்று, அது வந்து சேர்ந்த பிறகு நடக்க வேண்டும்.